நாற்பத்தொன்றாம் மிதவை

துகள்தடம் பார்க்கும் அந்த மென்பொருளைச் செய்தவர்கள் ஏதோ குளிர்நாட்டுக்காரர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு சொட்டு நீருக்குள் அலைகிற தூசி எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகச் செய்தது. அதைக் கொண்டுவந்து ஒகேனக்கல் காவிரியில் இறக்கியவர் பேராசிரியர் மாதவராஜ். மென்பொருளுக்கு என்ன வந்தது? அதற்குத் தூசியும் துகள், தேங்காயும் துகள், ஆளும் துகள். கேட்ட வடிவத்தில் கோப்பைக் கொடுத்தால் கோடு போட்டுக் காட்டும். கொடுக்காவிட்டால் சிவப்பெழுத்தில் ஒரு வரி திட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

அதற்கு வேளாவேளைக்கு ஊட்டிவிடுகிற வேலை ஜெயபிரியாவுக்கு. மொரப்பூர்ப் பக்கத்துப் பெண், இயற்பியலில் முதுகலை, வயது இருபத்தாறு. தருமபுரிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில், மாதவராஜின் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த வேலை. காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மாலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்புவாள். இடைப்பட்ட நேரமெல்லாம் எண்களைக் கழுவித் துடைத்து வரிசையில் உட்காரவைப்பதுதான் பிழைப்பு. நான்கு பத்திகள்: துகளின் எண், நேரம், குறுக்கே எவ்வளவு, நெடுக்கே எவ்வளவு. ஒரு காற்புள்ளி கூடினாலும் மென்பொருள் மொத்தக் கோப்பையும் துப்பிவிடும். நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று விடாமல் வரவேண்டும். நடுவே இடைவெளி விழுந்தால் துப்பும். துகள் நகராமல் ஒரே இடத்தில் கிடந்தால் அதற்கும் துப்பும். புது மாப்பிள்ளைகூட இத்தனை பிகு பண்ணமாட்டான் என்று ஜெயபிரியா தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

குளிக்க இறங்கி ஆற்றோடு போனவர்களை எங்கே தேடுவது என்பதுதான் ஆய்வு. விழுந்த இடத்தைச் சொன்னால், இத்தனை மணி நேரத்தில் உடம்பு இன்ன இடத்துக்கு வந்திருக்கும் என்று வரைபடம் சொல்லவேண்டும். அதற்காக அறுபது நெற்றுத் தேங்காய்களை மட்டையோடு வாங்கி, பக்கவாட்டில் குடைந்து, உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்து, மெழுகால் அடைத்து, ஆரஞ்சுச் சாயம் பூசி எண் எழுதி, மிதவை என்று பெயர் வைத்தார்கள். கருவி தான் இருக்கும் இடத்தை நிமிடத்துக்கு ஒரு வரியாக அனுப்பும். ஆற்றங்கரை விடுதி ஒன்றின் மொட்டைமாடியில் வைத்த பெட்டி அதை வாங்கிக் கல்லூரிக் கணினிக்குத் தள்ளிவிடும்.

ஜூலை முதல் வாரம் அந்தத் தேங்காய்களை ஆற்றில் விட்டவர் பரிசல் ஓட்டும் முனிராஜ். ஊட்டமலைக்காரர், நாற்பதை நெருங்கும் வயது, வாயில் எப்போதும் ஒரு கிண்டல். பரிசலில் எதிரே உட்கார்ந்து எண்களைக் குறித்துக்கொண்டே ஜெயபிரியா அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"அசையாம பத்து நிமிஷம் கெடந்தா இது தூங்கிடும்ண்ணா. பேட்டரி மிச்சம். எடுத்து ஆட்டுனீங்கன்னா முழிச்சுக்கும். நான் இங்க இருக்கேன்னு நிமிஷத்துக்கு ஒரு வரி அனுப்பும்."

முனிராஜ் சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் போல ஒன்றைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "தண்ணி இல்லீங்க மேடம். பேச்சுதான் இருக்குது."

"அது பேசறது எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வந்துடும்."

"அப்ப நான் இங்க ஆட்டுனா அங்க உங்களுக்குத் தெரிஞ்சிருங்களா?"

"தெரியும்ண்ணா."

"பார்ரா," என்றார். அன்றைக்கு ஒவ்வொரு தேங்காயையும் விடுவதற்கு முன் காதோரம் வைத்து ஒருதரம் ஆட்டிவிட்டுத்தான் விட்டார். அறுபதும் ஆட்டம் கண்டு, அறுபதும் விழித்துக்கொண்டு, அறுபதும் ஜெயபிரியாவுக்கு வரிகளை அனுப்பின.

ஐம்பத்துநான்கு தேங்காய்கள் இரண்டு மணி நேரத்துக்குள் கீழே ஏமனூர்ப் பக்கம், மேட்டூர் அணையின் தேக்கத்தால் ஆறு அகலமாகிற இடத்துக்கு வந்து சேர்ந்தன. மீதி ஆறு தேங்காய்கள் வரவில்லை. அவற்றில் நாற்பத்தொன்றாம் எண் எங்கே போனது என்பதை முனிராஜே பார்த்தார். அருவிக்குக் கீழே ஆறு இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி ஓடும் இடத்தில், எதிர்க்கரையில், விரித்த குடையைச் சாய்த்து வைத்தது போல ஒரு பாறை முன்னால் நீண்டிருக்கும். குடைப்பாறை என்பார்கள். அதன் அடியில் தண்ணீர் சுழன்று உள்ளே போகும். தண்ணீர் குறைந்த நாளில்தான் பரிசல் அங்கே நுழையும்.

"நாப்பத்தொண்ணு குடைக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு. தண்ணி கொறயட்டும், எடுத்துத் தரேன்," என்றார்.

ஜெயபிரியா வந்து சேர்ந்த ஐம்பத்துநான்கின் கோப்புகளை மட்டும் வடிவம் மாற்றி மென்பொருளுக்குக் கொடுத்தாள். மீதி ஆறையும் 'கழிவு' என்று பெயரிட்ட ஒரு பெட்டிக்குள் போட்டாள். சிக்கிக்கொண்ட துகளை வைத்து ஓட்டத்தை எப்படிக் கணக்கிடுவது? அப்படித்தான் எல்லோரும் செய்கிறார்கள். அவளும் செய்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாதவராஜ் அவளைக் கூப்பிட்டார். திட்டத்தை மதிப்பிட ஆய்வுக்குழு புதன்கிழமை வருகிறது, அறுபது மிதவையும் மேசைமேல் இருக்கவேண்டும், மீதி ஆறு எங்கே என்று கேட்டால் நான் ஆகாயத்தைப் பார்ப்பதா என்றார். மாதவராஜ் கெட்டவர் அல்ல. தன் மேசை சுத்தமாக இருந்தால் உலகம் சுத்தமாக இருக்கிறது என்று நம்புகிறவர். ஜெயபிரியா அங்கே நின்றபடியே முனிராஜுக்குப் போன் போட்டாள்.

"தண்ணி ஏறிட்டு வருதுங்க மேடம். பரிசல் ஓட்டவே தடை போட்டுருக்காங்க. கொறயட்டுமே."

"நாளைக்கு ஒருதரம் பாத்துடுங்களேண்ணா. ஒண்ணு ரெண்டாச்சும் கெடச்சா போதும். சார் திட்டறாரு."

அந்தப் பக்கம் மீன் பொரியும் சத்தம் கேட்டது. முனிராஜின் மனைவி தீர்த்தம்மாள் ஆற்றங்கரையில் மீன் வறுத்து விற்கிறவள். அவள் கடையிலிருந்துதான் பேசியிருக்க வேண்டும்.

"செரிங்க. பாக்கறேன்," என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு முனிராஜ் தனியாகப் பரிசலை எடுத்துக்கொண்டு போனார். ஐந்தரைக்கு அவருடைய தம்பி முருகேஷ், கீழே இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பரிசல் கவிழ்ந்து ஒரு புதரில் மாட்டிக்கிடப்பதைப் பார்த்தான். துடுப்பு இல்லை, ஆளும் இல்லை. அன்று மாலை ஆற்றில் தண்ணீர் இன்னும் இரண்டடி ஏறியது.

ஞாயிறு காலை ஜெயபிரியாவுக்குச் சேதி தெரிந்தபோது சோறு இறங்கவில்லை. நான்தானே போகச் சொன்னேன் என்ற ஒன்றே திரும்பத் திரும்ப வந்தது. பத்து மணிக்கு மாதவராஜ் போன் செய்தார். மீட்புக் குழுவிடம் நம் வரைபடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன், ஆவலாகக் கேட்கிறார்கள், இன்றைய நீரளவுக்கு ஏற்றபடி புதிதாக ஓட்டி இரண்டு மணிக்குள் அனுப்பு என்றார். அவர் குரலில் துக்கம் இருந்தது. கூடவே, தன் ஆய்வுக்கு வேலை வந்துவிட்ட ஒரு சுறுசுறுப்பும் இருந்தது. ஜெயபிரியா அதற்காக அவரை வெறுக்கவில்லை. முனிராஜ் அண்ணனுக்குச் செய்ய இனி இது ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்து ஓடினாள். உயிர் போய்விட்டது, உடம்பையாவது அவர் வீட்டுக்குக் கொடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கல்லூரியில் காவலாளி தவிர ஈ காக்கை இல்லை. கணினியைத் திறந்து, எல்லா வரிகளையும் புதிதாக இறக்கி, நான்கு பத்திகளாக்கி மென்பொருளுக்குக் கொடுத்தாள். சிவப்பெழுத்து வந்தது. துகள் 41: நேரத்தில் பெரிய இடைவெளி. துகள் 41: நகர்வு இல்லை. கோப்பு ஏற்கப்படவில்லை.

திறந்து பார்த்தாள். புது வரிகள் வந்ததால் கழிவிலிருந்து எழுந்து மறுபடி கோப்புக்குள் வந்திருந்த நாற்பத்தொன்றின் பழைய வரிகளுக்குக் கீழே புதிதாக ஏதோ ஒரு குவியல் இருந்தது. பத்து வரி, பிறகு பள்ளம். பத்து வரி, பிறகு பள்ளம். கருவி நேரத்தை மணி, நிமிடமாக எழுதாது. எந்தக் காலத்திலிருந்தோ எண்ணிவந்த நொடிகளாகப் பத்து இலக்கத்தில் எழுதும். மனிதக் கண்ணுக்கு அது வெறும் எண். இடமோ ஆற்றிலேயே இல்லை. எதிர்க்கரைக் காட்டுக்குள் முப்பது மீட்டர் இங்கே, நாற்பது மீட்டர் அங்கே என்று தாறுமாறாகக் குதித்தது. பேட்டரி சாகும் நேரத்தில் கருவிகள் இப்படி உளறுவதை இரண்டு தடவை பார்த்திருக்கிறாள்.

மணி ஒன்று ஐம்பது. மாதவராஜின் போன் மேசைமேல் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் நாற்பத்தொன்றின் வரிகளை முழுதாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். மூன்று நொடி பார்த்திருப்பாள், அவ்வளவுதான். மறுபடி கொடுத்தாள். மென்பொருள் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டு அழகான நீலக் கோடுகளை வரைந்தது. எல்லாக் கோடுகளும் ஏமனூருக்குப் போயின.

வரைபடத்தை அச்சடித்துக்கொண்டு அவளே ஒகேனக்கல்லுக்கு பஸ் ஏறினாள். அங்கே மீட்புக் குழு அதிகாரியிடம் முருகேஷ் மன்றாடிக்கொண்டிருந்தான்.

"குடைப்பாறைக்குள்ள ஒருதரம் பாத்துடலாங்க சார். எங்கண்ணன் தேங்காய் தேடித்தான் போனாரு. அங்கதான் போயிருப்பாரு."

"இந்தத் தண்ணியில அங்க எறங்கணும்னா கயிறு வேணும், ஆறு ஆளு வேணும், அரை நாள் வேணும்ப்பா. இருக்கறது ஒரே கயிறு டீம்." அதிகாரி வரைபடத்தை வாங்கி விரித்தார். "இதப் பாரு. ரெண்டு மணி நேரத்துல ஏமனூர் போயிடுதுன்னு கணக்கு சொல்லுது. நேத்தே போயிருக்கும். அங்க தேடறதா, இங்க மெனக்கெடறதா?"

அவர் சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையில் இருந்தது ஜெயபிரியாவின் தாள். அதில் குடைப்பாறையில் ஒரு புள்ளிகூட இல்லை. முருகேஷ் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அங்கே இருக்காது என்று தலையை ஆட்டினாள். கயிறு டீம் ஏமனூருக்கு வண்டி ஏறியது.

தீர்த்தம்மாள் ஓரமாக நின்றிருந்தாள். அழுது முடித்துவிட்ட முகம். "கெடச்சிரும்ங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"கெடச்சிரும்க்கா."

"உடம்புதான?"

"ஆமாங்க்கா," என்றாள்.

திங்கட்கிழமையும் அவள் அங்கேதான் இருந்தாள். ஏமனூரில் படகுகள் வலை போட்டு அலசின, ஒன்றும் சிக்கவில்லை. முற்பகலில் சொந்தக்காரப் பெண்கள் தீர்த்தம்மாளை அருவிக்குக் கீழே இருக்கும் பாறைக்கு அழைத்துப் போனார்கள். ஆற்றோடு போனவர் கிடைக்காவிட்டால் வெற்றிலையில் சூடம் ஏற்றித் தண்ணீரில் விட்டு, காவேரியாத்தாவிடம் கேட்பது அங்கே வழக்கம். தீர்த்தம்மாள் சூடத்தை ஏற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். வாய் அசைந்தது. அருவி இரைச்சலில் பக்கத்தில் நின்ற ஜெயபிரியாவுக்கே ஒன்றும் கேட்கவில்லை. நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில், குடைப்பாறை கரிய நிழலோடு முன்னால் நீண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற இடம் அல்ல அது. அந்த இரைச்சலில் துப்பாக்கி வெடித்தால்கூடக் கேட்காது.

செவ்வாய் காலை மாதவராஜ் வரைபடத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். அடியில் ஓடும் நீரின் வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பார்ப்போம் என்றார். ஜெயபிரியா கணினி முன் உட்கார்ந்து வரிகளைப் புதிதாக இறக்கினாள். மறுபடி சிவப்பெழுத்து வந்தது. மறுபடி நாற்பத்தொன்று.

எரிச்சலோடு திறந்தாள். அழிப்பதற்காகத் தேர்ந்தெடுத்தபோதுதான் குவியல் நீண்டிருப்பதைக் கவனித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து திரைக்குள் அடங்கியது இப்போது எட்டுத் திரைக்குப் போனது. சாகிற பேட்டரி மூன்று நாள் உளறுமா? உளறுகிற கருவி சரியாகப் பத்து வரி எழுதிவிட்டு நிறுத்துமா? பத்து நிமிடம் அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும் என்று அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். தூங்கியது மறுபடி எழவேண்டுமானால் என்ன நடக்கவேண்டும் என்பதையும் அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

முதல் வரியின் பத்து இலக்கத்தை மணியாக மாற்றினாள். இரண்டு தடவை தப்பாக அடித்தாள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம் என்று வந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக மாற்றினாள். ஐந்து ஐம்பது. ஆறு முப்பத்தொன்று. ராத்திரி முழுக்க மணிக்கு ஒருதரம், சில சமயம் இரண்டு தரம். ஞாயிறு காலை. ஞாயிறு மதியம், மீட்புக் குழுவின் ட்ரோன் ஆற்றுக்கு மேலே பறந்த நேரத்தில், தூங்கவே விடாமல் தொடர்ந்து நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தின் கடைசி வரி ஒன்று நாற்பத்தெட்டுக்கு வந்திருந்தது. ஒன்று ஐம்பதுக்கு அவள் அழித்தாள். இடம் தாறுமாறாகக் குதித்ததற்கும் இப்போது காரணம் தெரிந்தது. தலைக்கு மேலே கல் இருந்தால் கருவிக்கு வானம் தெரியாது, இடத்தைத் தடவித்தான் சொல்லும். குதித்த இடங்களையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் குடைப்பாறையின் மேலே வந்து விழுந்தது. இதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்திருக்கும்.

கடைசி வரி திங்கட்கிழமை மாலையோடு நின்றிருந்தது.

முருகேஷுக்குப் போன் போட்டாள். "குடைப்பாறைக்குப் போங்க. யாரையும் கேக்காதீங்க, போங்க," என்றாள். பிறகு அதிகாரிக்கு, பிறகு மாதவராஜுக்கு. மாதவராஜ் இரண்டு முறை "என்னது?" என்றார். அவள் போனை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினாள். பென்னாகரம் தாண்டியும் உயிரோடு இருக்கவேண்டும், உயிரோடு இருக்கவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பேட்டரி தீர்ந்திருக்கலாம் அல்லவா? கை வலித்து ஆட்டாமல் விட்டிருக்கலாம் அல்லவா?

அவள் போய்ச் சேர்ந்தபோது கரையில் துணி போர்த்திப் படுக்கவைத்திருந்தார்கள்.

முருகேஷ் அவளைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னான். பாறைக்கடியில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு திட்டு இருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கால் முட்டிக்குக் கீழே ஒடிந்து திரும்பியிருந்தது. தண்ணீர் இடுப்புவரை ஏறி இறங்கிய தடம் சட்டையில் இருந்தது. உடம்பு இன்னும் கெடவில்லை.

"தேங்காய தண்ணி அடிச்சிட்டுப் போயிரும்னு துண்டால கையோட சேத்துக் கட்டி வெச்சிருந்தாருங்க," என்றான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை.

பென்னாகரத்தில் பரிசோதித்த டாக்டர், உயிர் போய் ஒரு நாளுக்குள்தான் ஆகியிருக்கும் என்று முருகேஷிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். முருகேஷ் வெளியே வந்து, விழுந்த அன்றைக்கே, தலையில் அடிபட்டு, ஒரு நொடியில் போய்விட்டாராம் என்று எல்லோருக்கும் சொன்னான். தீர்த்தம்மாளுக்கும் அதையே சொன்னான். அவன் சொன்ன பொய்யைக் குற்றம் சொல்ல அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தகுதி இல்லை, ஜெயபிரியாவுக்குச் சுத்தமாக இல்லை.

புதன்கிழமை ஆய்வுக்குழு வந்தது, பாராட்டியது, போனது. மேசைமேல் ஐம்பத்துநான்கு தேங்காய்கள் இருந்தன. மீதி ஆறைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் போனதும் மாதவராஜ் அவளை உட்காரவைத்து மெதுவாகப் பேசினார்.

"நாப்பத்தொண்ண ஒதுக்கிடும்மா. ஆய்வுக் காலத்துக்கு வெளிய வந்த டேட்டா அது. அத வெச்சிருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? உம்மேல தப்பு இல்ல. வடிவம் அப்படி. இடைவெளி இருக்கற கோப்ப எடுத்துடணும்னு விதி. விதிப்படி எடுத்த."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஜெயபிரியாவுக்கு அது நெருப்பாகச் சுட்டது. வடிவத்துக்குக் கை இருக்கிறதா? அழுத்தியது இந்த விரல். ஆட்டினால் எனக்குத் தெரியும் என்று சொன்னது இந்த வாய். அந்த ஒரு சொல்லை நம்பி, கால் ஒடிந்த ஒரு மனிதர் மூன்று நாள் தேங்காயை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு யாருடைய கதவைத் தட்டவும் அவருக்கு வழியில்லை. தட்டிய ஒரே கதவுக்குப் பின்னால் அவள் இருந்தாள். அவள் எழுந்து தன் இடத்துக்குப் போனாள்.

அன்று மாலைக்குள் நாற்பத்தொன்றின் கோப்பை அவள் வேறொரு வடிவத்துக்கு மாற்றினாள். எந்த மென்பொருளும் ஏற்காத வடிவம். பத்து இலக்க எண்களையெல்லாம் கிழமையாக, மணியாக, நிமிடமாக ஆக்கினாள். ஒவ்வொரு பத்து வரிக்கும் ஒரே வரி போதும் என்று சுருக்கினாள். முப்பத்தெட்டு வரிகள் வந்தன. பெரிய எழுத்தில் அச்சடித்தால் இரண்டு தாள். இதை என்ன செய்யப்போகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெளிவில்லை. அழித்துவிட்டதைத் திரும்ப எழுதிவைக்கவேண்டும் என்று மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை முருகேஷ் போன் செய்தான். அண்ணி உங்களைப் பார்க்கணும் என்கிறார் என்றான்.

ஊட்டமலையில் சிமெண்ட் அட்டை போட்ட வீடு. வாசலில் முனிராஜின் இன்னொரு பரிசல் குப்புறக் கவிழ்த்திருந்தது. தீர்த்தம்மாள் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களை வெளியே போகச் சொன்னாள். முருகேஷ் கதவருகே நின்றுகொண்டான்.

"தேங்காய கையில கட்டியிருந்தாருன்னு பசங்க பேசிக்கறாங்க," என்றாள். "தலையில அடிபட்டு அந்த நிமிசமே போனவரு எப்புடிங்க கட்டுவாரு? எங்கொழுந்தன கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க."

முருகேஷ் வேண்டாம் என்று தலையை அசைத்தான். சொல்லாமல் விட்டுவிடலாம்தான். இவளுக்காவது அவர் நோகாமல் போனார் என்ற நினைப்பு மிஞ்சும். ஆனால் கேட்டவளின் கண்ணைப் பார்த்தபோது, சொல்லாமல் விடுவது இன்னொரு முறை அழிக்கும் பட்டனை அழுத்துகிற மாதிரி இருந்தது. ஜெயபிரியா பையிலிருந்து தாள்களை எடுத்தாள்.

"அண்ணன் அந்தத் தேங்காய ஆட்டுனா எங்க கம்ப்யூட்டருக்கு வரும்க்கா. அவருக்கு அது தெரியும். நான்தான் சொல்லிக்குடுத்தேன். ஆட்டியிருக்காரு. ஞாயித்துக்கெழமையே வந்துச்சு. குப்பைன்னு நெனச்சு நான் அழிச்சுட்டேன். அதனாலதான் எல்லாரும் ஏமனூர்ல தேடுனாங்க." தாள்களை நீட்டினாள். "எம்மேலதாங்க்கா தப்பு. வேற யாரு மேலயும் இல்ல."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது. தீர்த்தம்மாள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல என்னா எழுதியிருக்குது?"

"எப்ப எப்ப ஆட்டுனாருன்னு."

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே படிங்க."

ஜெயபிரியா படித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு பன்னெண்டு. அஞ்சு அம்பது. ஆறு முப்பத்தொண்ணு. ஒவ்வொன்றுக்கும் தீர்த்தம்மாள் தலையை அசைத்தாள், யாரோ வந்து விவரம் சொல்வதைக் கேட்கிறவள் போல. ஞாயிறு வந்தது, நாற்பது நிமிடம் வந்தது. முருகேஷ் வெளியே போய்விட்டான். திங்கட்கிழமை வந்தது.

"காலைல ஏழு நாப்பது. எட்டு அம்பது. பத்து இருவத்தொண்ணு. பதினொண்ணு அஞ்சு."

"நிறுத்துங்க."

ஜெயபிரியா நிறுத்தினாள்.

"திங்கக்கெழம பதினோரு மணிக்கு நான் பாறை மேல சூடத்தோட நின்னேன். நீங்களும் பக்கத்துல நின்னீங்க."

"ஆமாங்க்கா."

"அப்ப எதுத்தாப்புல உக்காந்து ஆட்டிட்டு இருந்திருக்காரு." தீர்த்தம்மாளின் குரல் உயரவில்லை. சூடம் சுட்டுக் கொப்புளித்திருந்த வலது உள்ளங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் உடம்பு, உடம்புன்னீங்க. காகிதத்தப் பாத்துச் சொன்னீங்க. நானும் உடம்பையாச்சும் குடு ஆத்தான்னுதான் கேட்டேன். உசுரோட குடுன்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. கேட்டதக் குடுத்துட்டா."

வெளியே யாரோ குழந்தையை அதட்டும் சத்தம் கேட்டது. ஜெயபிரியா அழுதாள், தீர்த்தம்மாள் அழவில்லை.

"இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங்க்கா."

"படிங்க."

இன்னும் ஐந்து வரிகள் இருந்தன. ஜெயபிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒன்றையும் விடாமல் படித்தாள்.